டிரில் மாஸ்டருக்கு வந்த நாயின் பயம்

வடமலைசமுத்திரத்தில் அந்த வருஷம் சாரல் நாலு நாள் முந்திக்கொண்டது. ஆனி பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு, மலைப்பக்கமிருந்து மாவு சலித்த மாதிரி தூறல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், ஊரில் நாய் வளர்க்கிறவர்களுக்கெல்லாம் அவரவர் நாயின் மனசும், பூனை வளர்க்கிறவர்களுக்கெல்லாம் அவரவர் பூனையின் மனசும் உடம்புக்குள் வந்து இறங்கிவிட்டன. இடி இடிக்கவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை, குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி சாதாரணமாக வந்தது. ஆடு, மாடு, கோழிகளுக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை; மாடு வைத்திருந்தவர்கள் ஒரு நாள் வருத்தப்பட்டார்கள், கறிக்கடை ஜமால் மட்டும் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வழக்கம்போல் கடையைத் திறந்தார்.

வந்தது வார்த்தை இல்லை, யோசனையும் இல்லை, உணர்ச்சி மட்டும்தான். நாய்க்குச் சந்தோஷம் என்றால் வளர்க்கிறவருக்கு இடுப்புக்குக் கீழே எதையோ ஆட்ட வேண்டும் போலிருக்கும், ஆட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பூனைக்கு எரிச்சல் என்றால் முதுகுத்தண்டு வில்லாக வளையப் பார்க்கும். நாய் வீட்டில் கிடந்து மனுஷர் தென்காசிக்குப் பஸ் ஏறிப் போனாலும் இது விடாது, பஸ்ஸிலேயே வரும், டிக்கெட் இல்லாமல் வரும்.

இது யாருக்கு வந்தாலும் பொறுத்துக்கொண்டிருக்கலாம், கோமதிநாயகம் சாருக்கு வந்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது.

கோமதிநாயகம் ஊர் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தி மூன்று வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் ஒரு முனையில் அவர் 'அட்டேன்ஷன்' என்றால் மறு முனைக்கு வெளியே, ரோட்டில் போகிற மாட்டுவண்டியும் நின்றுவிடும் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போகக் கூடாது என்பதற்காகவே அவர் ஒரு ராஜபாளையம் நாய் வாங்கினார். பால் போல வெள்ளை, ரோஜா நிற மூக்கு. கர்னல் என்று பெயர் வைத்தார். ஒரே நாய்தான் என்றாலும் கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதித் தொங்கவிட்டார். யாராவது கேட்டால், "நாலு நாயோட வீரம்வே அதுக்கு" என்பார்.

தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் கொம்பையாவின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும். கர்னல் எழுந்து குரைக்கும். உடனே கோமதிநாயகம் மூங்கில் கம்போடு வந்து இரும்புக் கேட்டில் படார் படார் என்று அடித்து, "விடாத கர்னல்! விடாத!" என்று உற்சாகப்படுத்துவார். கர்னல் இன்னும் குரைக்கும். கொம்பையா கடிதத்தைச் சுவருக்கு மேலே எறிந்துவிட்டுப் பறப்பார். இப்படி ஆறு வருஷம் நடந்தது. ஏழாவது வருஷம், சாரல் இறங்குவதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை, ஒரு பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வேண்டியிருந்ததால் கொம்பையா கேட்டுக்குள் ஒரு காலை வைத்தார். கோமதிநாயகம் கம்பால் அடித்தார், கர்னல் பாய்ந்து கொம்பையாவின் இடது கெண்டைக்காலைக் கடித்துவிட்டது.

கொம்பையா ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட கையோடு மனு எழுதினார். தெருவில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாயை ஊரைவிட்டுப் பிடித்துப்போய்த் திருநெல்வேலியில் எங்காவது கூண்டில் விட வேண்டும் என்பது மனு; வெள்ளிக்கிழமை பேரூராட்சியில் விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. நோட்டீஸைப் பார்த்து கோமதிநாயகம் மீசையைத் தடவினார். "என் நாய் வீரன். வீரன் கடிக்கத்தான் செய்வான்" என்றார். அவர் மனைவி உலகம்மாள் தலை நிமிராமல் பருப்பு களைந்துகொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் அவள் சொன்னவற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடிவிடலாம்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் காலில் கட்டோடு கொம்பையா வந்தார். தெருவுக்குள் நுழையாமல் முனையில் நின்றே மணி அடித்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த கோமதிநாயகத்துக்குத் திடீரென்று வயிறு ஐஸ் கட்டியானது. கை நடுங்கிப் பேப்பர் பறந்தது. நாக்கு தானாக வெளியே வந்து உதட்டை ஒருமுறை நக்கிவிட்டு உள்ளே போனது. தூக்கமே இல்லாமல் ஒரு பெரிய கொட்டாவி வந்தது.

"உலகு," என்றார், "நெஞ்சுவலின்னு நெனைக்கேன்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. ஆனால் வராந்தா முழுக்க இவரைப் போலவே கூட்டம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் எஸ்தர் டீச்சர் பத்தே முக்காலுக்குக் கரும்பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, உலகத்தில் யாருமே தன்னைத் தேடி வரப் போவதில்லை என்று தோன்றி, பிள்ளைகள் முன்னால் ஊளையிட்டு அழுதிருக்கிறார். தையல்கடை பீரம்மாள், காலை டீ குடிக்கும்போது தன்மேலேயே தனக்கு அளவில்லாத இரக்கம் வந்ததாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி டாக்டர் எல்லோருக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தன் கண்ணே சொருக, மேஜைமேல் பக்கவாட்டில் சுருண்டு படுத்தார். அவர் வீட்டிலும் பூனை உண்டு, அது அப்போது வெயில் தேடிப் படுத்திருந்தது.

எதிரே கால்நடை மருந்தகம். அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்த டாக்டர் பியூலா, நாகர்கோவில்காரி, இரண்டு வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவள். வந்த நாளிலிருந்து நாய் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், வால் ஆடினாலே சந்தோஷம் என்று நினைக்காதீர்கள், பூனை முறைக்கவில்லை, சும்மா பார்க்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள். 'குடற்புழு மாத்திரையைக் குடுங்கம்மா, கதை எதுக்கு' என்பார்கள். அன்றைக்கு முதல்முறையாக, ஜனங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ரோட்டைத் தாண்டி அவளிடம் வந்தார்கள்.

அவள் கோமதிநாயகம் சொன்னதையெல்லாம் கேட்டாள். உதட்டை நக்கியது, கொட்டாவி, வயிற்றில் ஐஸ்.

"சார், இது பயம்" என்றாள்.

"யாருக்கு, எனக்கா?"

"உங்களுக்கில்லை சார். உங்க நாய்க்கு."

முதலாவதை அவர் தாங்கியிருப்பார். இரண்டாவதுதான் அடிவயிற்றில் விழுந்தது. "டாக்டரம்மா," என்று குரலை உயர்த்தினார். "அது கர்னல். அது கடிச்ச நாய்."

"பயந்த நாய்தான் சார் அதிகமும் கடிக்கும். தைரியமான நாய் எதுக்குக் கடிக்கணும்? அது பாட்டுக்குப் படுத்துக் கிடக்கும்" என்றாள் பியூலா.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், மூன்று நாளில் ஏற்றுக்கொண்டுவிட்டது. வெள்ளாமை, கல்யாணம், தேர்தல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட ஊருக்கு இது ஒன்றும் பெரிதில்லை. எஸ்தர் டீச்சர் தன் நாயை வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போனார். அது மேஜைக்கடியில் டீச்சரின் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ள, அந்த வருஷம் அந்த வகுப்பு வட்டத்தையும் நாண்களையும் அப்படி ஒரு நிம்மதியோடு படித்தது. பீரம்மாளுக்குத் தன் இரக்கத்தின் காரணம் புதன்கிழமை தெரிந்தது. அவள் பூனை ஜவ்வாது தினமும் காலையில் ஒரு செத்த பல்லியையோ எலியையோ தையல் மிஷின் பெடலில் கொண்டுவந்து வைக்கும். தன்னை அவமானப்படுத்தத்தான் வைக்கிறது என்று ஏழு வருஷமாக விளக்குமாற்றால் விரட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புதன்கிழமை பல்லியை வைத்துவிட்டு அது நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்குள் வந்த இரக்கத்துக்கு வார்த்தை போட்டால் இதுதான்: பாவம், இவ்வளவு பெரிய உடம்பு, ஒரு எலி பிடிக்கத் தெரியவில்லை, நான் இல்லாவிட்டால் பட்டினி கிடந்தே செத்துப்போகும். பீரம்மாள் பல்லியை முந்தானையில் ஏந்தி, "அல்லாவே, என் புருசன்கூட இப்படிக் கவலைப்பட்டதில்லையே" என்று சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். அடுத்த நாள் ஜவ்வாது விடாமல் குர் குர் என்றபோது கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அது கொஞ்சுகிறது என்றார்கள். அவளுக்கு மட்டும் கடைவாய்ப்பல் வலித்தது. அவள் பூனையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பியூலாவிடம் ஓடினாள். பார்த்தால், சீழ் பிடித்த பல். வலித்தாலும் பூனை அப்படித்தான் சத்தம் கொடுக்கும் என்று பியூலா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம், இப்போது பீரம்மாள் சொன்னதால் ஊர் முழுக்க நம்பியது.

எல்லோருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. மளிகைக்கடை சிவனுபாண்டியன், தன் பூனை தன்னை எவ்வளவு நேசிக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கடையைப் பூட்டிவிட்டு அதன் முன்னால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். சினிமா கொட்டகை காலியாக இருக்கிற மாதிரி ஒரு வெறுமை மட்டும் வந்தது. மாலையில் மீன்காரியின் குரல் கேட்டதும் அவருக்குள் ஆயிரம் விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து அவர் கொஞ்சம் அமைதியான மனிதராகிவிட்டார்.

தெருநாய்களுக்குச் சொந்தக்காரர் கிடையாதே, அவற்றின் மனசு யாருக்குப் போகும் என்ற கேள்விக்குப் பேரூராட்சித் தலைவர் மாசானமுத்துவால் பதில் கிடைத்தது. கடைசியாக யார் பிஸ்கட் போட்டார்களோ அவருக்கு. புதன்கிழமை போட்டோ எடுப்பதற்காக அவர் பஸ் ஸ்டாண்டில் பதினாறு தெருநாய்களுக்குப் பிஸ்கட் போட்டார். பதினாறு நாய்களின் பாசமும் ஒரே நேரத்தில் அவருக்குள் பாய, அவர் பூமியில் நிற்க முடியாமல், எதிர்க்கட்சிக் கவுன்சிலரைக் கட்டிப்பிடித்து, பதினொரு வருஷமாகத் தராமல் வைத்திருந்த தெருவிளக்கை அவர் வார்டுக்கு அங்கேயே அனுமதித்தார். அதோடு, தூரத்தில் ஒரு லாரி போனபோது அதன் பின்னாலேயே இருபதடி ஓடினார். ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். மறுநாளிலிருந்து பிஸ்கட்டைத் தன் மைத்துனனிடம் கொடுத்துப் போடச் சொன்னார்.

இப்படி ஊரே தன் நாயோடும் பூனையோடும் புதுசாகப் பழகிக்கொண்டிருந்தபோது கோமதிநாயகம் மட்டும் வீட்டுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். வீரன் என்று ஆறு வருஷம் ஊருக்குச் சொன்ன நாய். அதன் வீரமெல்லாம் இப்போது தன் முழங்காலில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறது. விசாரணைக்கு ஒரு நாள்தான் இருந்தது. எதற்குப் பயப்படுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அதைச் சரிசெய்துவிடலாம், நாயைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தார்.

"காக்கிச் சட்டைக்குப் பயப்படுதோ என்னமோ" என்றாள் உலகம்மாள்.

வியாழக்கிழமை மதியம் கோமதிநாயகம் பழைய என்.சி.சி. காக்கியைத் தேடி எடுத்தார். பித்தான் போட முடியவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். கர்னல் முன்னால் போய் நின்றார். இடுப்புக்குக் கீழே எதையோ ஆட்ட வேண்டும் போலிருந்தது, அவ்வளவு சந்தோஷம். காக்கி இல்லை. எதிர்வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கித் தெருவில் ஓட்டி வந்தார். அதே சந்தோஷம். சைக்கிளும் இல்லை. உலகம்மாளின் காய்கறிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை அதில் திணித்து, தபால்காரரைப் போலவே கேட்டருகில் இறங்கி, "சார், போஸ்ட்" என்றார். கர்னல் பத்திரிகையை மோந்து பார்த்தது. அவருக்குள் லேசான ஒரு ஆர்வம் மட்டும், மஞ்சள் தடவிய மூலை நன்றாயிருக்குமா என்கிற மாதிரி. தெருவே மாடியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. காக்கியில் வேர்த்து வழிய அறுபத்து நாலு வயது மனுஷர் தன் வீட்டுக்குத் தானே எட்டு முறை தபால் கொடுத்தார். எட்டு முறையும் நாய்க்குச் சந்தோஷம்தான்.

கடைசியில் மணியை அடித்தார். வயிற்றில் ஐஸ் வந்தது. கொஞ்சம்தான், ஓரத்தில், எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிற ஐஸ். மணி அடித்தால் அடுத்து ஏதோ வரும் என்கிற மாதிரி. ஆனால் எதுவும் வரவில்லை, ஐஸ் மெல்லக் கரைந்தது.

கோமதிநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது. சைக்கிளைத் தள்ளிவிட்டார். கேட் மூலையில் சாத்தியிருந்த மூங்கில் கம்பை எடுத்தார். "பிறகு எதுக்குல இந்த நடுக்கம் நடுங்குத!" என்று கத்தி, இரும்புக் கேட்டில் படார் என்று ஓர் அடி அடித்தார்.

அவ்வளவுதான். தலையிலிருந்து கால்வரை அந்தப் பயம் அவரைப் பிடித்து உலுக்கியது. காது இரண்டும் பின்னால் மடங்கப் பார்த்தன. கால் விட்டுப்போய், காக்கியின் மூன்று பித்தான்கள் தெறிக்க, ஈரத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்கு உள்ளே கர்னல் சுவரோடு சுவராக ஒட்டி, வாலைக் கால்களுக்கிடையில் செருகி, வெள்ளைவிழி தெரிய அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மாடியில் இருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை, ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள்.

உலகம்மாள் ஒரு செம்பு தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் சத்தத்துக்குல்லா பயப்படுது" என்றார் அவர்.

"ஆமா."

"நான் அத உற்சாகப்படுத்துறேன்னு நெனச்சேன். மணி அடிச்சா நான் கம்போட வருவேன்னு பயந்திருக்கு. அந்தப் பயத்துல கொரச்சிருக்கு. அது கொரைக்க நான் அடிக்க, நான் அடிக்க அது கொரைக்க..." அவர் தண்ணீரைக் குடித்தார், பாதி மீசையில் போயிற்று. "இது எத்தன வருசமா?"

"யாருக்குக் கேக்கீங்க?" என்றாள் உலகம்மாள். "நாய்க்கா, எனக்கா?"

அவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, குரல் பெரிதாக வரப் போகிறது என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார். உலகம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உள்ள வாங்க. தொப்பையெல்லாம் வெளிய தெரியுது."

வெள்ளிக்கிழமை பேரூராட்சிக் கூடம் நிரம்பியது. மாசானமுத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். கொம்பையா ஒரு பக்கம், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. கர்னலை வாசல் வேப்பமரத்தில் கட்டி, பக்கத்தில் உலகம்மாள் நின்றாள். டாக்டர் பியூலா கேட்டால் சொல்வதற்காக வந்திருந்தாள். இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காததால் பழக்கதோஷத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், உங்க தரப்ப சொல்லுங்க" என்றார் தலைவர்.

கோமதிநாயகம் எழுந்தார். சொன்னார். ஒருவருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க சார்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"முடியாது" என்றார் அவர், அதே மெல்லிய குரலில். "சத்தமாச் சொன்னா வெளிய அது பயப்படும். அது பயந்தா எனக்கு நிக்க முடியாது."

முப்பத்தி மூன்று வருஷம் ஊரையே அட்டேன்ஷனில் நிறுத்திய மனுஷரின் பேச்சைக் கேட்க, அத்தனை பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, தலையோடு தலை முட்டக் குனிந்து நின்றார்கள். மின்விசிறியை ஒருவர் நிறுத்தினார். கோமதிநாயகம் கொம்பையாவைப் பார்த்துச் சொன்னார்: "என் நாய் வீரன் இல்ல. உன்னக் கண்டு அது கோவப்படவும் இல்ல. எனக்குப் பயந்துதான் கடிச்சுது. தப்பு அதும்மேல இல்ல, எம்மேல. கூண்டுல போடணும்னா..." மீசையைத் தடவப் போன கையைக் கீழே இறக்கினார். "நான் பெரிய ஆளு, கூண்டு பெருசா வேணும்."

யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். கொம்பையா காலை ஸ்டூலிலிருந்து கீழே வைத்தார்.

"தலைவரே, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "ஒம்பதாங் கிளாஸ்ல நான் சார்கிட்டதான் டிரில் படிச்சேன். ஷூ இல்லன்னு பதினாலு ரவுண்டு ஓட விட்டாரு. எனக்கு இப்ப வயசு நாப்பத்தேழு. இன்னைக்கும் சார் கேட்ல கம்பால அடிச்சா, எனக்குக் கை நடுங்கி லெட்டர் நழுவும். நாய்க்குப் பயந்துதான் நடுங்குதேன்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன்." எழுந்து ஜன்னல் வழியாகக் கர்னலைப் பார்த்தார். கர்னல் ஒரு கொட்டாவி விட்டது. "நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குத்தான் பயந்திருக்கோம். அது கடிச்சுது, நான் மனு எழுதினேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

மனுவை அங்கேயே நாலாகக் கிழித்தார். மாசானமுத்து ஐந்து நிமிஷம் யோசித்து, அது ஒரு தீர்ப்பு போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, நாய் ஊரிலேயே இருக்கலாம், கம்பு பேரூராட்சியில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றார். பிறகு, "டாக்டரம்மா, மேக்கொண்டு என்ன செய்யணும்?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் ஊர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பியூலா எழுந்து நின்றாள், சொல்ல வேண்டியது அவ்வளவு இருந்ததால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கருவாடு" என்றாள்.

அதன்படி, கொம்பையா தினமும் மணியடித்துவிட்டு, நின்று, கேட்டுக்குள் ஒரு துண்டு நெத்திலிக் கருவாட்டைப் போட வேண்டும். பக்கத்தில் வரக் கூடாது, கண்ணுக்குக் கண் முறைக்கக் கூடாது. கோமதிநாயகம் அந்த நேரத்தில் வாயைத் திறக்கவே கூடாது. முதல் நாள் கர்னல் கருவாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் கொம்பையா தெருவைத் தாண்டிய பிறகு தின்றது. ஏழாம் நாள் அவர் முன்னாலேயே தின்றது. பதினோராம் நாள் கோமதிநாயகம் சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தபோது, நெஞ்சுக்குள் திருவிழா கிளம்பி, "கொம்பையா வந்துட்டான்! கொம்பையா வந்துட்டான்!" என்று குதித்தெழுந்தார், நாவிதர் கத்தியோடு பின்னால் பாய்ந்து ஒதுங்கினார். மறுபடி உட்கார்ந்த பிறகு அவருக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அது மட்டும் நாயினுடையது இல்லை, அவருடையதுதான்.

ஆடி கடைசியில் சாரல் நின்றது. சாரலோடு அதுவும் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் எழுந்தபோது எல்லோருக்குள்ளும் அவரவர் மனசு மட்டும்தான் இருந்தது, சாமானெல்லாம் ஏற்றிப்போன பிறகு இருக்கும் வாடகை வீடு போல. எஸ்தர் டீச்சர் நாயின் முகத்தைக் கையில் ஏந்தி, "சொல்லுடா, என்ன நினைக்க?" என்று கேட்டார். நாய் அவர் மூக்கை நக்கியது. பாசமா, பதற்றமா என்று தெரியவில்லை. பீரம்மாள் பல்லிக்கு நன்றி சொன்னாள், ஜவ்வாது ஏற்றுக்கொண்டதா என்று தெரியவில்லை. சிவனுபாண்டியன் மட்டும் தன் பூனை இப்போது தன்னை நேசிக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார், மறுக்க வழியில்லாததால் ஊர் விட்டுவிட்டது.

திங்கட்கிழமை கால்நடை மருந்தகத்தின் முன்னால் வரிசை பஸ் ஸ்டாண்டுவரை நின்றது. ஒருவரும் மாத்திரை கேட்கவில்லை. "அம்மா, அந்த வால் விஷயம் சொன்னீங்களே, மறுபடி சொல்லுங்க" என்றார்கள். எந்தப் பிராணியும் வளர்க்காததால் அத்தனை நாளும் பியூலாவுக்குள் எதுவுமே வந்ததில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் காதுகளையும் வால்களையும் வரைந்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். வால் விறைப்பாக ஆடினால் வேறு, உடம்பே சேர்ந்து ஆடினால் வேறு. பூனை மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் நம்புகிறது என்று அர்த்தம், நீங்களும் மூடித் திறங்கள். முன்வரிசையில் பேரூராட்சித் தலைவர் முதல் கறிக்கடை ஜமால் வரை முப்பது பேர் அவளைப் பார்த்துக் கண்ணை மெல்ல மூடித் திறந்தார்கள். அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நாகர்கோவிலுக்கு போன் போட்டு, இந்த ஊரைவிட்டுப் போகக் கேட்டுக் கொடுத்திருந்த மாற்றல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதாகத் தன் அம்மாவிடம் சொன்னாள்.

கோமதிநாயகம் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை, நோட்டுப் போட்டு எழுதினார். ஆவணி முதல் வாரத்தில் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு வகுப்பு முடிந்து வந்து, கர்னலிடமிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து பார்த்தார். காது தளர்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, வால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. நோட்டைப் புரட்டிச் சரிபார்த்தார். நாய் நன்றாக இருந்தது.

நிமிர்ந்தபோது எதிரே உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளையும் அதே போல உற்றுப் பார்த்தார். காதில் ஒன்றும் தெரியவில்லை. நோட்டில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொண்டையைச் செருமி, அந்தச் செருமலும் சத்தமாகிவிடாமல் பார்த்துக்கொண்டு, கேட்டார்:

"உலகு, உனக்கு என்ன செய்யுது?"

"எனக்கா?" அவள் கீரைத்தண்டை ஒடித்தாள். "எனக்கு என்ன. கால் வலிக்கி."

"வேற?"

அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவர் கண்ணை மெல்ல மூடித் திறந்தார். அது பூனைக்கு என்பது அவளுக்குத் தெரியாது.

"வேறன்னா... எனக்கு ரவா உப்புமா பிடிக்காது" என்றாள். "கல்யாணமான மறுநா காலையிலயே பிடிக்கல. உங்களுக்கு உசிருன்னு வாரத்துக்கு மூணு நா கிண்டுதேன்." பிறகு கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கல்யாணத்திலிருந்தே ஆரம்பித்தாள். பந்தியில் அவள் அண்ணனைப் பார்த்து அவர் 'அட்டேன்ஷன்' என்று சொன்னது, முதல் தீபாவளிக்கு வாங்கி வந்த சேலையின் நிறம், தைப்பூசத்துக்குப் போன இடத்தில் அவளைக் கூட்டத்தில் விட்டுவிட்டு விசில் ஊதிக் கூப்பிட்டது, தலைப்பிரசவத்துக்கு அவளை அனுப்பும்போது பெட்டியைத் தூக்கி வராமல் 'லெஃப்ட், ரைட்' என்றது. அவர் குறுக்கே பேசவில்லை. இரண்டு இடத்தில் பேச வந்தார், உதட்டை நக்கி நிறுத்திக்கொண்டார். கர்னல் தூங்கிப்போனது.

ஐந்தரைக்கு அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு அவள் எழுந்து உள்ளே ஓடினாள். அடுப்பை அணைத்து, இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"எங்க விட்டேன்?" என்று கேட்டாள்.

"எண்பத்தொம்பதுல" என்றார் கோமதிநாயகம், மெதுவாக.